கேஸுக்கு ஓர் ஆள்

சவுரியப்பன் கல் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய் நார்ப் பிரஷால் முதலில் ஒரு தேய்ப்பு, பிறகு பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அந்தப் பாரில் மேசை கிடையாது. ஏற்றுமதிக்கு ஆகாது என்று குவாரியில் ஒதுக்கிப் போட்ட கிரானைட் பலகைகளைச் செங்கல் கட்டி அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். நேற்றைய ஊறுகாய் எண்ணெய், முட்டையின் மஞ்சள், சிகரெட் சாம்பல் எல்லாம் அதில் காய்ந்து ஒட்டியிருந்தன. தண்ணீர் வழிந்து தரையில் பரவியதும் புளிப்பாக ஒரு வாசம் எழுந்தது. புதிதாக வருகிறவன் அதைச் சாராய வாசம் என்று நினைப்பான். அது புளி வாசம்.

அந்த இடம் முதலில் புளி மண்டியாகத்தான் இருந்தது. பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் புளி வந்து இறங்கிய காலத்தில் போட்ட கல் தரை, தண்ணீர் பட்டால் போதும், பழைய பாக்கியைக் கக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் முனிராஜ் என்பவர் சாராயக்கடை ஏலம் எடுத்து அதை டெப்போ ஆக்கினார். மதுவிலக்கு வந்தது, சோடா கம்பெனி என்று போர்டு மாட்டி, சோடாவைத் தவிர மற்றதெல்லாம் விற்றார். மதுவிலக்கு போனது, போர்டைக் கழற்றினார். மறுபடி வந்தது, மறுபடி போனது. சாராயம் நின்று பிராந்திக் கடை ஆனது. பிறகு கடையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஒரு பாதியில் தெருவைப் பார்த்துக் கம்பி ஜன்னல் வைத்துக் கடை, மறு பாதியில் பார். பார் ஏலம் யார் பெயரில் விழுந்தாலும் நடத்துவது முனிராஜின் மகன் மாதவராஜ்தான். இத்தனை வருஷத்தில் வாசலில் எத்தனையோ போர்டு மாறிவிட்டது, ஊரில் ஒருத்தனும் அதைப் படித்ததில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் 'புளி டெப்போ எங்கே' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது.

உள்ளே யாருக்கு எந்தக் கல் என்பது சொல்லாமலே தெரியும். வாசலை ஒட்டிய கல் லோடுமேன்களுக்கு. ஃபேனுக்குக் கீழே லாரி டிரைவர்கள். ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி இருக்கும் கல்லில் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். முதுகைக் காட்டிக் குடித்தால் யாரும் பார்க்கவில்லை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. குழாயடியில் இருப்பது சுடுகாட்டுக் கல். பிணத்தைத் தூக்கிவிட்டு நேராக வருகிறவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும். செத்தவனுக்கென்று ஒரு கிளாஸ் ஊற்றி நடுவில் வைத்துவிட்டுக் குடிப்பார்கள். எப்பேர்ப்பட்ட வம்புக்காரனும் அந்தக் கல் பக்கம் போய் வாயைக் கொடுக்க மாட்டான். கடைசியில் அந்தக் கிளாஸை எடுத்துக் கீழே கொட்டுவது சவுரியப்பன் வேலை. டெப்போவில் குடிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான் என்பதால் நம்பி அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடை ஜன்னல் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். ஆனால் கை நடுங்குகிறவனுக்குப் பன்னிரண்டு வரை பொறுக்குமா? விடிந்ததுமே பாருக்குள் ரகசியமாக விற்பனை நடக்கும். ரகசியம் என்பது பேச்சுக்குத்தான், தெருவுக்கே தெரியும், ஸ்டேஷனுக்கும் தெரியும். தெரிந்தும் பிடிக்கவில்லை என்ற பேர் வராமலிருக்க மாசத்துக்கு ஒரு கேஸ் காட்ட வேண்டும். கேஸுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை டெப்போ கொடுக்கும். முனிராஜ் காலத்தில் தர்மன் என்று ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவர் செத்த பிறகு முனிராஜ் சவுரியப்பனைக் கூப்பிட்டு, "உனக்கு மூஞ்சி சாதுவா இருக்குதுடா. எந்த ஜட்ஜும் உன்னய ரொம்பத் திட்ட மாட்டாரு" என்று அந்த இடத்தைக் கொடுத்தார்.

காரியம் ஒன்றும் பெரிதில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும். எதைக் கேட்டாலும் 'ஆமாங்க ஐயா' என்க வேண்டும். கோர்ட்டில் கேட்டால் 'ஒத்துக்கிறேங்க' என்க வேண்டும். அபராதத்தை முதலாளியின் ஆள் கட்டிவிடுவான். திரும்பியதும் ஒரு பிரியாணிப் பொட்டலம். "நீ திருந்தவே மாட்டியா?" என்று ஒரு ஜட்ஜ் ஒருமுறை நிஜமான வருத்தத்தோடு கேட்டுவிட்டார். சவுரியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அடுத்த மாசம் வரமாட்டேங்க ஐயா" என்றார். கோர்ட்டே சிரித்தது. அன்றிலிருந்து 'கேஸ் சவுரி' என்ற பேர் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு அவருக்கு எதிலும் மனசு ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை. செல்லியை இன்றைக்குப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும்.

செல்லி அவர் மனைவி. கல்யாணத்தின்போது பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்து செலின் என்று பேர் வைத்தார். அந்தப் பேர் சர்ச்சோடு சரி. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டியில் வேலை செய்த கை, டெப்போவுக்கு வந்து கரண்டி பிடித்தது. அவள் வைக்கும் குடல் வறுவலுக்காகவே குடிக்க வந்தவர்கள் உண்டு. வருஷக்கணக்காக அந்த அடுப்பில் வெந்தவள், ஒருநாள் அடுப்படியிலேயே சாய்ந்தாள். வலது பக்கம் மொத்தமும் போய்விட்டது. பாரின் பின்பக்கம், சரக்குப் பெட்டி அடுக்கும் இடத்துக்கு அடுத்த அஸ்பெஸ்டாஸ் ரூமில்தான் இருவரும் குடியிருந்தார்கள். மாதவராஜின் தயவில் கிடைத்த ரூம். அதற்குத் தனி வாசல் கிடையாது; பாருக்குள் நுழைந்துதான் போக வேண்டும், வர வேண்டும்.

படுத்தே கிடந்ததில் செல்லியின் முதுகில் புண் வந்துவிட்டது. சவுரியப்பன் வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைப்பார். சனிக்கிழமை பாப்பாரப்பட்டியில் அவருடைய அண்ணன் இறந்துபோனதால் அங்கே போனவர், நேற்று மாலைதான் திரும்பினார். அந்த நாட்களில் சமையல்கார முனியம்மாள்தான் செல்லியைப் பார்த்துக்கொண்டாள். சோறு ஊட்டினாள், துணி மாற்றினாள். தனியாகத் திருப்பிப் போட அவளால் முடியவில்லை. வந்து சேலையை விலக்கிப் பார்த்தபோது புண் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து சீழ் கோத்திருந்தது. போன வாரமே நர்ஸ் சொல்லியிருந்தாள்: "செவ்வாய்க்கெழம கொண்டாந்து சேத்துடுங்க. அதுக்கு மேல தள்ளுனா ரத்தத்துல கலந்துரும். அப்புறம் எங்களயும் கேக்காதீங்க, சாமியயும் கேக்காதீங்க." ராத்திரியிலிருந்து செல்லிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. விடிகிற வரை அவர் கட்டிலை விட்டு நகரவில்லை, பாரில் யாரோடும் பேசவும் இல்லை.

கடைசிக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே மாதவராஜ் உள்ளே வந்தார். குளிக்காமல், முகம் கூடக் கழுவாமல் வந்த மாதிரி இருந்தது.

"சவுரி, கையக் கழுவிட்டு வா. ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துரு."

"கேஸுங்களா மொதலாளி? இந்த மாசத்துக்குத்தான் போயிட்டு வந்துட்டனே."

"புது இன்ஸ்பெக்டரு. அவரு கணக்குக்குன்னு ஒண்ணு வேணுமாம்."

"இன்னைக்கு வேற ஆள அனுப்புங்க. செல்லிய ஆஸ்பத்திரில சேக்கணும். நாளைக்குன்னா நானே போறேன்."

மாதவராஜ் கிட்டே வந்து அவர் தோளில் கை வைத்தார். "மத்தியானத்துக்குள்ள வந்துருவ. வந்ததும் என் கார்லயே அவளக் கொண்டு போயி சேத்துரலாம். நானே கூட வர்றேன். போதுமா?"

இத்தனை காலத்தில் மாதவராஜ் அவரைத் தொட்டுப் பேசியதில்லை. சவுரியப்பனுக்குக் கூச்சமாகிவிட்டது. "மதி தம்பி எங்கீங்க, காணமே?" என்று மட்டும் கேட்டார். மதியழகன் மாதவராஜின் மைத்துனன். காலை விற்பனை அவன் பொறுப்பு. முன்கோபக்காரன்.

"ஓசூருக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டு மாதவராஜ் ஜீப்பை நோக்கிப் போனார்.

அடுப்படியில் முனியம்மாள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சவுரியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு அவளைக் கடக்கும்போது தலை நிமிராமலே சொன்னாள். "இன்னைக்குப் போவாதீங்கண்ணா. வவுத்து வலின்னு சொல்லிப் படுத்துக்கோங்க."

"ஏம்மா?"

அவள் வாசலைப் பார்த்தாள். மாதவராஜ் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்ல. அண்ணிய இப்படிப் போட்டுட்டுப் போறீங்களேன்னு சொன்னேன்" என்றாள். அவள் கையிலிருந்த முட்டை ஓட்டோடு சேர்ந்து சதையும் பிய்ந்து வந்தது.

செல்லி கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் அவளைத் தூக்கி இந்தப் பக்கம் திருப்பி, முதுகுக்குப் பழைய தலையணையை அணை கொடுத்தார்.

"எங்க?" என்றாள், பாதி வாயால்.

"கேஸுக்கு. செத்த நேரத்துல வந்துருவேன். மொதலாளி கார்ல போறோம் ஆஸ்பத்திரிக்கு, தெரியுமா?"

செல்லியின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "பிரியாணி?"

"வாங்கியாறேன்" என்றார்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை, நேராக இன்ஸ்பெக்டர் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். புது இன்ஸ்பெக்டருக்குச் சின்ன வயசு. எழுதுகிற போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம காலையில பார்ல சரக்கு வித்தது நீதான?"

"ஆமாங்க ஐயா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாப்பாரப்பட்டியில் அண்ணன் குழிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் என்ன? தேதி எந்தக் கேஸிலும் பொருந்தியதில்லை. ஒருமுறை பெரிய வெள்ளிக்கிழமை அன்று, சர்ச்சில் சிலுவைப் பாதையில் முட்டி போட்டிருந்த நேரத்தில், அவர் பிராந்தி விற்றதாக எழுதியிருந்தார்கள். அதையும்தான் ஒத்துக்கொண்டார்.

"கருப்பண்ணனத் தெரியுமா?"

"லோடுமேன் கருப்பண்ணனுங்களா? நல்லாத் தெரியுமுங்க."

"அவனுக்கு ஊத்திக் குடுத்தியா?"

"ஆமாங்க ஐயா."

"அவனுக்கும் உனக்கும் வாய்த் தகராறு. புடிச்சுத் தள்ளுன."

சவுரியப்பன் கொஞ்சம் தயங்கினார். இந்தக் கேள்வி புதிது. ஆனால் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு போக்கு. கேஸ் கனமாகத் தெரிய வேண்டும் என்று, முன்பு ஒருத்தர் சவுரியப்பன் போலீஸைப் பார்த்துக் கத்தியை உருவினார் என்றுகூட எழுதியிருந்தார். கத்தியாம், கத்தி. அதற்கும் அபராதத்தோடுதான் முடிந்தது.

"ஆமாங்க ஐயா."

"கல்லுல தல அடிச்சுது."

"அடிச்சிருக்குமுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போல இருந்தார். அப்புறம் தொலைபேசி அடித்தது. "கூட்டிட்டுப் போங்கய்யா" என்று எழுந்துவிட்டார்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உடம்பைச் சோதித்துச் சீட்டு வாங்க. இதுவும் வழக்கமில்லாதது. ஆனால் சவுரியப்பனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வந்தது வந்தோம், செல்லிக்கு இடம் கேட்டு வைக்கலாமே. ஜீப் பிரதான வாசலில் நிற்காமல் பக்கத்து வழியாகப் போனது. பிணவறைப் பக்கம் லோடுமேன்கள் கூட்டமாக நின்றிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தார். எல்லாம் டெப்போவின் வாசல் கல்காரர்கள்.

"யாருங்க தவறிட்டது?" என்று கூட வந்த ஏட்டிடம் கேட்டார்.

ஏட்டு வயசானவர், ரிட்டையர் ஆகப் போகிறவர். அவர் சவுரியப்பனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீ நடய்யா" என்றார்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது சவுரியப்பன் நர்ஸிடம் மெல்லக் கேட்டார். "சாயங்காலம் எங்க வூட்டம்மாவக் கூட்டியாறேங்க. முதுகுல புண்ணு. பெட்டு கெடைக்குங்களா?"

"கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

"மறந்துராதீங்கம்மா. பேரு செல்லி."

கோர்ட்டில் அதிக நேரம் காக்க வைக்கவில்லை. ஜட்ஜ் ஒரு பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"போலீஸ் அடிச்சாங்களா?"

"இல்லீங்கம்மா."

"எதுக்காகக் கைது பண்ணியிருக்காங்கன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா."

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"ஒத்துக்கிறேங்கம்மா."

"அதை நான் இப்பக் கேட்கல. உங்க தரப்புல சொல்றதுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்கிறேன்."

சவுரியப்பனுக்கு இந்தச் சுற்றி வளைத்த பேச்சு புரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செல்லியைத் திருப்பிப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று மனசு அதிலேயே நின்றது. சீக்கிரம் முடிந்தால் சரி. "அதாங்கம்மா. நான்தான் செஞ்சேன். ஒத்துக்கிறேன்" என்று கும்பிட்டார். ஜட்ஜ் பெருமூச்சு விட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லி எழுதினார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் ஏட்டு கையை விடவில்லை. "அபராதம் கட்டியாச்சுங்களா?" என்று சவுரியப்பன் கேட்டார். "நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

ஏட்டு பதில் சொல்வதற்குள் வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். கருப்பண்ணன் மனைவி. புளி கொட்டை எடுக்கிற வேலை அவளுக்கு, விரலெல்லாம் கறை. சாயங்காலங்களில் டெப்போ வாசலுக்கு வந்து நிற்பாள், உள்ளே வரமாட்டாள். சவுரியப்பன்தான் கருப்பண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, 'இந்தாம்மா, புடிச்சுக்கோ' என்று ஒப்படைப்பார்.

"நீங்களாண்ணா?" என்றாள்.

"என்னம்மா?"

"கையப் புடிச்சு கூட்டியாந்து வுடுவீங்களே. நீங்களா அந்த மனுசனத் தள்ளுனீங்க?"

"யாரம்மா தள்ளுனது? கருப்பண்ணனுக்கு என்ன?"

"செத்துட்டாருண்ணா. ஞாயித்துக்கெழம மண்ட ஒடஞ்சு கெடந்தவரு கண்ணே தொறக்கல. இன்னைக்கு விடியக்காலம் போயிட்டாரு." அவள் அழவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல அவர் முகத்தையே பார்த்தாள். "போலீசு உங்க பேரச் சொன்னாங்க. அவரா இருக்காதுன்னு நான் அடிச்சுச் சொன்னேன்."

சவுரியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜீப், தோளில் விழுந்த கை, ஓசூர், முனியம்மாள் உரித்த முட்டை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின. "நான் ஊர்லயே இல்லம்மா" என்றார். "எங்கண்ணன் செத்துப்போச்சு, பாப்பாரப்பட்டில இருந்தேன். காலையில விக்கறது நான் இல்ல. மதி தம்பிதான்..."

ஏட்டு அவர் கையை இறுக்கினார். "என்னய்யா சொல்ற? ஊர்ல இல்லயா நீ? ஜட்ஜம்மா இன்னும் எந்திரிக்கல. சொல்றதுன்னா இப்பவே வா, சொல்லு."

"ஒரு நிமிஷம் ஏட்டய்யா." எங்கிருந்தோ வந்த வக்கீல் நடுவில் நின்றார். டெப்போ கேஸுகளுக்கு எப்போதும் வருகிறவர்தான். சவுரியப்பனின் தோளை அணைத்தபடி தூணோரம் நகர்த்தினார். தணிந்த குரலில், அன்பாகவே பேசினார்.

"இப்ப உள்ள போயி நீ பேசுனா, மாதவராஜ் இன்னைக்கே ரூமக் காலி பண்ணிருவாரு. உன் சம்சாரத்தத் தூக்கிக்கிட்டு எங்க போவ? எந்த வூட்ல வெச்சுப் பாப்ப? பேசாம இருந்தீன்னா அந்த ரூம் உங்களுக்குத்தான். அவங்கள ஆஸ்பத்திரில சேத்து, ஆளு வெச்சுப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. காரு இப்பவே பார் வாசல்ல நிக்குது. உன்னய கொஞ்ச நாள்ல ஜாமீன்ல எடுத்துருவோம். யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருந்தது? உண்மையைச் சொன்னால் அவர் பிழைப்பார், செல்லி தெருவுக்கு வருவாள். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டாலும் எத்தனை நாள் வைப்பார்கள்? புண் ஆறினாலும் ஆறாவிட்டாலும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். எங்கே கூட்டிக்கொண்டு போவது? அவருக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அவள் கட்டிலைப் போட இருந்த இடம் அந்த அஸ்பெஸ்டாஸ் ரூம் ஒன்றுதான். அதுவும் டெப்போவுக்குள் இருந்தது. இத்தனை வருஷம் டெப்போவில் ஒத்துக்கொண்டதெல்லாம் பொய். இந்தப் பொய்யும் அதோடு போகட்டும் என்று நினைக்கப் பார்த்தார், முடியவில்லை. கருப்பண்ணன் மனைவி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னய்யா, வர்றியா?" என்றார் ஏட்டு.

"ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றார் சவுரியப்பன். "ஏதோ பயத்துல ஒளறிட்டேன். உள்ள சொன்னதுதான்."

ஏட்டு வக்கீலைப் பார்த்தார், சவுரியப்பனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கருப்பண்ணன் மனைவி திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "நீங்க உள்ள இருக்கீங்கன்னுதாண்ணா நான் தெருவுலயே நிம்மதியா நின்னுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். சவுரியப்பனால் அவள் போவதைப் பார்க்க முடியவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

சேலம் ஜெயிலுக்கு வேன் கிளம்பியது. ஜன்னலில் கம்பி வலை. சவுரியப்பன் அதில் முகத்தை வைத்துக்கொண்டார். "ஐயா, டெப்போ தெரு வழியாத்தானே போவோம்?" என்று ஏட்டிடம் கேட்டார்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. மொதலாளி காரு நிக்கும். செல்லிய ஏத்திட்டாங்களான்னு ஒரு பார்வ பாத்துக்கறேன்."

ஏட்டின் செல்போன் அடித்தது. "ம். சரிங்க சார். வெச்சாச்சுங்களா? லோடுமேனுங்க கலஞ்சுட்டானுங்களா? சரிங்க" என்று பேசிவிட்டு அணைத்தார்.

"என்னங்க வெச்சாச்சு?"

"பாருக்கு சீல். லோடுமேனுங்க ரோட்ல உக்காந்துட்டானுங்க. சீல் வெச்சாத்தான் பொணத்த வாங்குவோம்னு நின்னுட்டானுங்க."

சவுரியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. "பாருக்கா? கடைக்குங்களா?"

"கடை எதுக்குய்யா மூடுவாங்க. பார் வேற, கடை வேற."

"உள்ள ஆளு இருக்குதுங்களே ஐயா. செல்லி இருக்குது."

"ஆளையெல்லாம் வெளிய எடுத்துட்டுத்தான்யா சீல் வெப்பாங்க" என்றார் ஏட்டு. சொன்ன பிறகுதான் அவருக்கும் ஏதோ உறைத்தது. வலைப் பக்கம் திரும்பினார்.

தெருமுனை திரும்பியதுமே கூட்டம். மத்தியான நேரம், கடை ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்குள் கை நுழைக்க ஒருத்தனை ஒருத்தன் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் பாரின் ஷட்டர் இறங்கி, பூட்டின்மேல் வெள்ளைத் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தது. மாதவராஜின் கார் இல்லை. மாதவராஜும் இல்லை. ஷட்டருக்கு முன்னால், தெருவில், கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் செல்லி மல்லாந்து கிடந்தாள். புண் இருக்கும் முதுகு அடியில் இருந்தது. தலைமாட்டில் முனியம்மாள் குனிந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் கீழே ஒரு தலையணை, ஒரு சொம்பு, சவுரியப்பனின் இன்னொரு சட்டை.

"ஐயா, நிறுத்துங்க" என்று சவுரியப்பன் வலையைப் பிடித்து உலுக்கினார். "இப்பச் சொல்றேங்க. நான் ஊர்ல இல்லீங்க. இப்பச் சொல்றேன், எங்க வேணா வந்து சொல்றேன்."

"இப்ப யாருகிட்டய்யா சொல்லுவ" என்றார் ஏட்டு. ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

கூட்டத்தில் வேன் ஊர்ந்துதான் போக முடிந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். சவுரியப்பன் செல்லியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த இரைச்சலில் அவருக்கே கேட்கவில்லை. பார் மூடிவிட்டதால் பாட்டில் வாங்கியவர்கள் உட்கார இடமில்லாமல் தெருவிலேயே நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாட்டிலும் பிளாஸ்டிக் கப்புமாகச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தான். கட்டில் சட்டத்தின் ஓரத்தில் கப்பை வைக்கப் பார்த்தான், வசதிப்படவில்லை. செல்லியின் வலது காலைப் பிடித்துச் சற்றே உள்ளே தள்ளி வைத்தான். அப்புறம் கப்பை அந்த இடத்தில் நிறுத்தி, பாட்டில் மூடியைத் திருகினான்.